சுரூபமும் விக்கிரகமும்

எங்கள் புதுச்சேரிக் கத்தோலிக்கர் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் கோயிலில் இருக்கும் மாதா சிலை 'சுரூபம்'. பக்கத்துத் தெரு கோயிலில் இருக்கும் அம்மன் சிலை 'விக்கிரகம்'. இரண்டு சொல்லும் வடமொழியிலிருந்து வந்தவை. இரண்டும் உருவத்தைத்தான் குறிக்கின்றன. ஒரே மரத்தில் ஒரே ஆசாரி செதுக்கினாலும், போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறிவிடும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஞானோபதேசமும் பிரெஞ்சில்தான் படித்தேன். அங்கேயும் இதே கதைதான். நம்முடையது 'ஸ்தாத்யு', மற்றவர்களுடையது 'இதோல்'. இந்த இரண்டாவது சொல், 'எய்தோலோன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நிழல், வெறும் தோற்றம் என்று அதற்குப் பொருள். ஆக, விக்கிரக ஆராதனை என்பது எப்போதும் அடுத்தவன் செய்கிற காரியம் என்று சிறு வயதிலேயே எங்கள் மனதில் பதிந்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு பழைய ஏற்பாட்டை நிதானமாக, முதலிலிருந்து வாசிக்க நேரம் கிடைத்தது. வாசிக்க வாசிக்க, அந்தப் புத்தகம் வேறு ஒன்றைச் சொல்வதாக எனக்குப் பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்துக் கட்டளைகளில் உருவம் செய்து வணங்கக் கூடாது என்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே விடுதலைப் பயண நூலில், 25ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழையின் மேல் பொன்னால் இரண்டு கெருபுகளைச் செய்து வைக்கும்படி ஆண்டவரே மோசேயிடம் சொல்கிறார். சாலமோன் கட்டிய ஆலயத்தில் பெரிய வெண்கலத் தொட்டி ஒன்றைப் பன்னிரண்டு வெண்கலக் காளைகள் தாங்கி நின்றன. ஆகவே உருவம் என்றாலே குற்றம் என்று விவிலியம் சொல்லவில்லை. குற்றம் வேறெங்கோ இருக்கிறது.

எங்கே? பொன் கன்றுக்குட்டியின் கதையைப் பாருங்கள். மோசே மலையிலிருந்து இறங்கி வரத் தாமதமாகிறது. மக்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஆரோன் அவர்களுடைய காதணிகளை வாங்கி உருக்கிக் கன்றுக்குட்டி செய்கிறார். செய்துவிட்டு என்ன அறிவிக்கிறார்? நாளைக்கு ஆண்டவருக்குத் திருவிழா என்று. வேறு தெய்வத்துக்கு விழா எடுப்பதாக அவர் சொல்லவே இல்லை. தங்களை எகிப்திலிருந்து மீட்ட ஆண்டவருக்கே விழா எடுப்பதாகத்தான் சொன்னார்.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கி.மு. 930 வாக்கில், நாடு இரண்டாகப் பிரிந்தது. வடநாட்டு அரசன் எரொபவாமுக்கு ஒரு கவலை. மக்கள் திருவிழாவுக்கு எருசலேம் போனால், மனமும் அந்த ஊர் அரசனிடம் போய்விடுமே! தாணில் ஒன்று, பெத்தேலில் ஒன்று என இரண்டு பொன் கன்றுகளை வைத்தான். அவனும் எகிப்திலிருந்து மீட்ட கடவுளின் பெயரைச் சொல்லித்தான் வைத்தான். பக்தியின் பெயரில் நடந்த அரசியல் அது. தெய்வத்தைத் தன் கைக்கு அடக்கமாகச் செய்துகொள்வதுதான் இரண்டு கதையிலும் உள்ள குற்றம்.

எனக்கு மிகவும் பிடித்தது வெண்கலப் பாம்பின் கதை. எண்ணிக்கை நூல் 21ஆம் அதிகாரத்தில் வருகிறது. பாலைநிலத்தில் பாம்பு கடித்து மக்கள் சாகிறார்கள். கடவுள் சொன்னபடி மோசே வெண்கலத்தில் ஒரு பாம்பு செய்து கம்பத்தில் உயர்த்துகிறார். அதை நோக்கியவர்கள் பிழைத்தார்கள். கடவுள் கட்டளையிட்டார், மோசே தன் கையால் செய்தார், உயிரைக் காத்தது. ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய பெருமை வேண்டுமா? யோவான் நற்செய்தியில் இயேசுவும் தம் சிலுவைச் சாவுக்கு இதையே உவமை காட்டுகிறார்.

அந்தப் பாம்பு கடைசியில் என்ன ஆயிற்று என்பது அரசர்கள் இரண்டாம் நூலின் 18ஆம் அதிகாரத்தில், ஒரே வசனத்தில் இருக்கிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூதா நாட்டை ஆண்ட எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். மக்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நெகுஸ்தான் என்று பெயரும் வைத்திருந்தார்கள். எபிரேயத்தில் வெண்கலத்துக்கும் பாம்புக்கும் உள்ள சொற்கள் ஒலியில் நெருங்கியவை; இரண்டும் கலந்த பெயர் அது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்த அரசரின் துணிச்சல் பெரிதாகத் தெரிகிறது. பழைய கோப்பு ஒன்றில் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தால், அதை மாற்றுவதற்கு யாருக்கும் கை வராது. இங்கே இருந்த கையெழுத்து மோசேயுடையது. எசேக்கியா உடைத்தது எதிரியின் தெய்வத்தை இல்லை. தம் முன்னோர் விட்டுப்போன, தம் மதத்திலேயே மிகப் புனிதமான பொருள்களில் ஒன்றை உடைத்தார்.

இதைக் கவனித்த பிறகு மற்ற கதைகளையும் புரட்டினேன். மோசே தூளாக்கியது தம் சொந்த மக்கள் செய்த கன்றுக்குட்டியை. கிதியோன் இரவோடு இரவாக இடித்தது தம் தகப்பனாருடைய பாகால் பீடத்தை. கி.மு. 622இல் சீர்திருத்தம் செய்த யோசியா அரசர், எருசலேம் ஆலயத்துக்கு உள்ளேயிருந்து தொடங்கினார். பாகாலுக்கும் அசேராவுக்கும் செய்த பாத்திரங்கள் அந்த ஆலயத்திலேயே இருந்தன. கதிரவனுக்கு நேர்ந்துவிட்ட குதிரைகள் ஆலய வாயிலில் நின்றன.

கானானியரின் பீடங்களை இடிக்கும்படி இணைச்சட்ட நூலில் கட்டளை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இறைவாக்கினர்களின் கோபம் எங்கே பாய்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சொந்த வீட்டுக்குள்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகப்பனாரின் பீடத்தை இடித்த அதே கிதியோன், போரில் வென்ற பின் கொள்ளையில் கிடைத்த காதணிகளை வாங்கி, பொன்னால் ஏபோது ஒன்று செய்து தன் ஊரில் வைத்தார். கடைசியில் மக்கள் அதன் பின்னால் போனார்கள். உடைத்தவர் கையும் ஒன்றைச் செய்துவிடும்!

புதிய ஏற்பாட்டில் பவுல் ஏதென்ஸ் நகருக்குப் போகிறார். ஊரெல்லாம் சிலைகள். மனம் கொதிக்கிறது. ஆனால் ஒன்றையும் தொடவில்லை. அறியப்படாத தெய்வத்துக்கு என்று எழுதியிருந்த ஒரு பீடத்தைச் சுட்டிக்காட்டி, அங்கிருந்து தம் பேச்சைத் தொடங்குகிறார். எபேசு நகரில் அர்த்தமி தெய்வத்துக்கு வெள்ளியில் சிறு கோயில்கள் செய்து விற்றவர்கள், பிழைப்பு போகிறதே என்று கலகம் செய்தார்கள். இரண்டு மணி நேரம் கூச்சல். கூட்டத்தை அடக்கியது யார் தெரியுமா? அந்த நகரத்து எழுத்தர்! பிரெஞ்சு விவிலியத்தில் 'செக்ரெத்தேர்' என்றே போட்டிருக்கிறது. நம்ம ஆள். இவர்கள் கோயிலைக் கொள்ளையடிக்கவில்லை, நம் தெய்வத்தைப் பழிக்கவும் இல்லை, வழக்கு இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். வேற்று மதத்து அலுவலர் ஒருவர் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்த நற்சான்று அது.

பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் அந்த நற்சான்றைக் காப்பாற்றினார்களா என்பது வேறு கதை. தங்களுக்குள்ளேயே உருவங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர்கள் 8ஆம் நூற்றாண்டில் திருவுருவங்களை அழிக்க உத்தரவிட்டார்கள். 787இல் நீசேயாவில் கூடிய சங்கம் ஒரு தீர்வு சொன்னது: ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, உருவத்துக்குக் காட்டுவது மரியாதை, அந்த மரியாதை உருவம் சுட்டுகிறவரைப் போய்ச் சேரும். கிரேக்கத்தில் இதற்கு இரண்டு தனிச் சொற்கள் இருந்தன. லத்தீன் மொழிபெயர்ப்பில் அந்த வேறுபாடு குழம்பிவிட்டது. அதை வாசித்த சார்லமாஞ் அரசவை, கிழக்கே எல்லாரும் படத்தை ஆராதிக்கிறார்கள் என்று கோபப்பட்டது. 794இல் பிராங்க்பர்ட் சங்கம் அதைக் கண்டித்தது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

கோபத்தில் உடைப்பவர்களுக்கு எதை உடைக்கிறோம் என்றே தெரியாமல் போவதும் உண்டு. பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் முகப்பில் 28 அரசர்களின் சிலைகள் வரிசையாக நின்றன. 1793இல் புரட்சிக்காரர்கள் அவற்றைப் பிரெஞ்சு மன்னர்கள் என்று நினைத்துக் கீழே தள்ளினார்கள். உண்மையில் அவை யூதா நாட்டு அரசர்கள், அதாவது எசேக்கியா, யோசியா பிறந்த வம்சம். 1977இல் பாரிஸில் ஒரு கட்டட வேலையின்போது அவற்றில் 21 தலைகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. இப்போது குளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விக்கிரகங்களை ஒழித்த அரசர்களின் வம்சமே விக்கிரகமாகி உடைபட்டது.

பாரிஸ் எதற்கு, எங்கள் ஊருக்கே வருகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை 18ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதிய நாட்குறிப்பில் இரண்டு இடிப்புகள் பதிவாகியிருக்கின்றன. இடையில் மூன்றே ஆண்டுகள்.

முதலாவது 1745 அக்டோபரில். இயேசு சபைக் குருக்களின் சம்பா கோயிலுக்குள், சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பெரிய குருவிடம், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாகுபாடு என்று முறையிட்டார்கள். அவர் அதை நியாயம் என்று ஏற்றார். சுவர் இடிக்கப்பட்டது.

இரண்டாவது 1748 செப்டம்பரில். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில், துய்ப்ளே ஆளுநராக இருந்தபோது, சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரி ஈசுவரன் கோயில் இடிக்கப்பட்டது. அதை அகற்றும்படி குருக்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடித்தவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பிள்ளை வேதனையோடு எழுதியிருக்கிறார். இன்றைய வேதபுரீசுவரர் கோயில் பின்னாளில் வேறிடத்தில் எழுந்தது.

இடித்தவர்கள் தங்களை எசேக்கியாவின் வாரிசுகள் என்று நினைத்திருக்கக்கூடும். இரண்டு இடிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எசேக்கியா செய்த காரியத்தை ஒத்திருப்பது எது? அடுத்தவர் கோயிலை இடிக்கப் பெரிய மனது தேவைப்படவில்லை, படைபலம் போதுமாயிருந்தது. தன் கோயிலுக்குள், தன் சபையாரே புனிதம் போலக் காத்துவந்த ஒன்றை இடிப்பதுதான் கடினம். 1745இல் உடைந்ததுதான் விக்கிரகம் என்பேன். அது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அதற்கு யாரும் தூபம் காட்டவில்லை. ஆனால் கடவுளின் முன்னிலையிலேயே கடவுளைவிடப் பெரிதாக அது நின்றது.

சுவர் போனாலும் சாதி போகவில்லை. இன்றைக்கும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் உண்டு. தேர் எந்தத் தெருவுக்குள் வரலாம், எந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்று வழக்கு உண்டு. தேரில் இருக்கும் சுரூபத்தைப் பற்றி மற்ற சபையார் குறை சொல்வார்கள். நாமும் 787ஆம் ஆண்டுச் சங்கத்தை எடுத்துக்காட்டிப் பதில் சொல்வோம். பதில் சரியானதுதான். ஆனால் தேரை மறிக்கிற கைகளுக்கு அந்தச் சங்கத்தில் பதில் இல்லை.

அந்த ஊர் மாதாவுக்குச் சக்தி அதிகம் என்று நம்மவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வதைக் கேட்கிறேன். மாதா ஒருவர்தானே? ஊருக்கு ஊர் சக்தி மாறுமென்றால், நாம் பேசுவது மரத்தைப் பற்றியா, மாதாவைப் பற்றியா? தாணும் பெத்தேலும் ஞாபகம் வருகின்றன. சுரூபமே கூடாது என்கிற சபைகளும் இதில் தப்பவில்லை. சுவரொட்டியில் போதகரின் முகம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. ஆண்டவர் பெயரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. பேராசையே சிலை வழிபாடு என்று பவுல் கொலோசையருக்கு எழுதியிருப்பதை இரு தரப்பும் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் அந்தோணியார் சுரூபம் ஒன்று இருக்கிறது. என் பாட்டி காலத்தது. மூக்கு நுனி கொஞ்சம் உடைந்திருக்கும். அதை எடுத்துவிடும் எண்ணம் எனக்கில்லை. அது யாரையும் வாசலில் நிறுத்தியதில்லை. எடுக்க வேண்டியவை வேறு. அவற்றுக்கு மூக்கும் முழியும் இல்லாததால் கண்ணில் படுவதில்லை. நம் கோயிலில், நம் வீட்டில், எதைத் தொட்டால் நமக்குக் கோபம் வருகிறது என்று பார்த்தால் ஓரளவு அடையாளம் தெரியும். மோசே செய்ததையே ஒருவர் உடைத்திருக்கிறார். நம் முன்னோர் கட்டியதில் உடைக்க ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்ல முடியுமா?