பராமரிப்பு இல்லங்களில் பாதுகாப்புப் பண்பாடு: ஊழியர் பார்வையின் வரலாறு

முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் ஒருவர் நள்ளிரவில் கட்டிலிலிருந்து விழுந்தால், அதனை முதலில் அறிபவர் பெரும்பாலும் மருத்துவரோ மேலாளரோ அல்லர். பணியிலிருக்கும் செவிலியர் உதவியாளரே ஆவார். அவர் அதனைப் பதிவு செய்கிறாரா, தண்டனைக்கு அஞ்சி மறைக்கிறாரா என்பதைப் பொறுத்தே அடுத்த விபத்தைத் தடுக்கும் வாய்ப்பு அமைகின்றது. எனினும் அவருடைய பார்வை பராமரிப்புத் தரத்தின் சான்றாக ஏற்கப்பெற நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றை அமெரிக்க அனுபவத்தை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

1965ஆம் ஆண்டு மெடிகேர், மெடிக்கெய்டு ஆகிய திட்டங்கள் தோன்றிய பின் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களுக்குப் பொதுநிதி பெருமளவில் சென்றது. ஆயின் தரம் அதற்கேற்ப உயரவில்லை. 1986இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை இக்குறையை விரிவாக எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1987இல் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பெற்றது. செவிலியர் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயமாயிற்று. ஊழியரின் வசதிக்காக முதியோரைக் கட்டிவைத்தல் தடை செய்யப்பெற்றது. எனினும் இச்சட்டத்தில் ஊழியர் பயிற்றப்பட வேண்டியவராகவே கருதப்பெற்றார். கருத்துக் கேட்கப்பட வேண்டியவராக அல்ல.

‘பாதுகாப்புப் பண்பாடு’ என்னும் சொல்லாட்சி வேறொரு துறையினின்று வந்தது. 1986ஆம் ஆண்டுச் செர்னோபில் அணுவுலை விபத்தை ஆராய்ந்த பன்னாட்டு வல்லுநர் குழுவின் அறிக்கை வழியாகவே அது பரவலாயிற்று. 1999இல் வெளிவந்த மருத்துவப் பிழைகள் பற்றிய அறிக்கை, பிழையைத் தனிமனிதக் குற்றமாகக் கொள்ளாது அமைப்பின் குறையாகக் காணுமாறு வலியுறுத்தியது. அதனையடுத்து 2004இல் மருத்துவமனை ஊழியருக்கும் 2008இல் பராமரிப்பு இல்ல ஊழியருக்கும் உரிய வினாநிரல்களை அரசு ஆய்வு முகமை வெளியிட்டது. பின்னது 42 கூறுகளால் 12 பரிமாணங்களை அளந்தது. பிழையைக் கூறியவர் தண்டிக்கப்படுகிறாரா என்பதும் அவற்றுள் ஒன்றாகும்.

இத்தகைய ஆய்வுகளில் மேலாளர் தரும் மதிப்பீடு உயர்ந்தும், முதியோரை நாளும் தொட்டுப் பேணுவோர் தரும் மதிப்பீடு தாழ்ந்தும் காணப்பெறுவது குறிப்பிடத்தக்கது. ஊழியர் பார்வை மட்டுமே தரத்தின் முழு அளவுகோல் ஆகாது என்பது உண்மையே. ஆயினும் இவ்விடைவெளி, மேலே எட்டாத செய்திகள் கீழே உள்ளன என்பதை உணர்த்துகின்றது.

மலேசியாவில் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையங்கள் சட்டம் சமூகநலத் துறையின்கீழ்ப் பதிவை வலியுறுத்தியது. சுகாதாரப் பராமரிப்பு வழங்கும் தனியார் முதியோர் இல்லங்களுக்கென 802ஆம் சட்டம் 2018இல் அரசிதழில் வெளியாயிற்று. உரிமமும் ஆய்வும் இன்றியமையாதவை. ஆனால் அவை மேலிருந்து காண்பவை. தோட்ட மருத்துவமனைகளின் வரலாற்றை அதிகாரிகளின் அறிக்கைகளைக் கொண்டே பெரிதும் அறிய நேர்ந்த நமக்கு, அத்தகைய ஆவணங்களின் மௌனம் புதிதன்று. முதியோர் இல்லங்களின் வரலாறும் அவ்வாறே எழுதப்படாதிருக்க வேண்டுமாயின், அங்குப் பணிபுரிவோர் அச்சமின்றிச் சொல்வதை இன்றே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.