மாடிப் பேருந்தின் படிகள்

மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை படுக்கையிலேயே வைத்திருப்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவ வழக்கமாக இருந்தது. பாஸ்டனில் மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் 1952இல் அத்தகைய நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்ததே துணிச்சலான செயலாகப் பார்க்கப்பட்டது. தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்து நெஞ்சுவலியிலிருந்து ஏறக்குறைய குணமடைந்த ஒருவரைப் பற்றி ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் முன்பே எழுதிவைத்திருந்தார். ஆனாலும் அந்தக் குறிப்பிலிருந்து ஒரு சிகிச்சை முறை உருவாகவில்லை.

திருப்பம் மருத்துவமனையில் நிகழவில்லை, லண்டனின் மாடிப் பேருந்துகளில் நிகழ்ந்தது. ஆய்வாளர் ஜெரி மாரிஸும் அவருடைய குழுவினரும் சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்து, 1953இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர் பணி நேரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். அதே வண்டியின் நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்கினார். நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. வந்தாலும் உடனடி மரணம் குறைவாக இருந்தது. நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களை மேசையில் அமர்ந்த அஞ்சல் ஊழியர்களோடு ஒப்பிட்டபோதும் இதே வேறுபாடு தெரிந்தது.

பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்குப் போனார்களோ என்ற ஐயம் எழுந்தது, நியாயமான ஐயம். மாரிஸ் அதை ஒதுக்கித் தள்ளாமல் சீருடைகளின் இடுப்பளவுப் பதிவுகளைத் தேடி எடுத்தார். ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்தது; 1956இல் அதையும் வெளியிட்டார். தன் முடிவுக்கு எதிராகப் போகக்கூடிய சான்றைத் தானே தேடிப்போன இந்த நேர்மையே ஆய்வின் பெரிய பலம். ஓட்டுநர்களின் இரத்த அழுத்தமும் கொழுப்பும் கூடுதல் என்று 1966இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது.

அப்படியானால், அழுத்தம் ஏற்கெனவே உயர்ந்தவருக்குப் பயிற்சி உதவுமா? ஆய்வாளர்கள் ஜான் பாயரும் ஃபிரெட் காஷும் 1970இல் இதற்கு விடை தேடினர். உயர் இரத்த அழுத்தம் உள்ள 23 ஆண்கள் ஆறு மாதம் நடையும் மெல்லோட்டமும் பழகியதில் மேல் அழுத்தம் சுமார் 13, கீழ் அழுத்தம் சுமார் 12 மி.மீ. இறங்கின. பயிற்சி பற்றிய 54 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான கணக்கு இதைவிட அடக்கமானது. அதில் மேல் அழுத்தத்தின் சராசரி இறக்கம் 4 மி.மீ. அளவில் இருந்தது, உயர் அழுத்தம் உள்ளவர்களிடம் சுமார் 5. பார்வைக்குச் சிறிய எண்தான். ஆனால் ஊர் முழுக்க அவ்வளவு இறங்கினால் பக்கவாதமும் மாரடைப்பும் கணிசமாகக் குறையும்.

பயிற்சியால் இரத்தக் குழாய்கள் எளிதில் விரிகின்றன. அவற்றை இறுக்கும் பரிவு நரம்புகளின் தூண்டல் தணிகிறது. இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. ஒருமுறை விறுவிறுப்பாக நடந்தாலே அடுத்த பல மணி நேரத்துக்கு அழுத்தம் சற்றுத் தாழ்ந்திருக்கும். பழக்கத்தை விட்டுவிட்டால் அது மீண்டும் ஏறிவிடும். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். மருந்து எடுத்துக்கொள்பவர்கள் அதை நிறுத்தாமலேயே நடையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.