ஆழத்தை யார் முடிவு செய்வது? லினக்ஸ் கெர்னலில் ரிகர்ஷன் பட்ட பாடு

ஃபாக்டோரியல் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 5 ஃபாக்டோரியல் வேண்டுமென்றால் முதலில் 4 ஃபாக்டோரியல் தெரிய வேண்டும், அதற்கு 3, அதற்கு 2... ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும் இந்த வித்தைக்குப் பெயர் ரிகர்ஷன். காலேஜில் இதை அழகான விஷயமாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிற்றில், அதாவது கெர்னலில், இதே வித்தை பாதுகாப்பு ஓட்டையாக மாறிய கதைகள் நிறைய உண்டு. பாதுகாப்புக் குறைகளை வகைபிரிக்கும் சிடபிள்யூஇ பட்டியலில் இதற்கென்றே தனி எண் இருக்கிறது: 674, கட்டுப்பாடற்ற ரிகர்ஷன்.

ஏன் ஆபத்து? ஒரு தாலுகா ஆபீஸ் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைலை முடிக்க இன்னொரு ஃபைல் தேவை. முதல் ஃபைலைப் பாதியில் மேசையில் வைத்துவிட்டு, அதன்மேல் இரண்டாவதைப் போட்டுப் பிரிக்கிறார் கிளார்க். அதை முடிக்க மூன்றாவது வேண்டும். மேலே இருப்பது முடிந்தால்தான் கீழே இருப்பதற்கு வர முடியும். கம்ப்யூட்டரில் இந்த மேசைக்குப் பெயர் ஸ்டாக். 1960-இல் டைக்ஸ்ட்ரா ரிகர்ஷன் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்த யோசனை தெளிவாக இருக்கிறது.

மேசை எவ்வளவு பெரியது என்பதில்தான் விஷயம். லினக்ஸில் நாம் எழுதும் சாதாரண ப்ரோக்ராமுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டாக் 8 எம்பி வரை வளரலாம். கெர்னலுக்கு உள்ளே, 64 பிட் இன்டெல் வகை மெஷின்களில், ரொம்ப நாள் வெறும் 8 கேபிதான் இருந்தது. 2014-இல் 3.15 பதிப்பில்தான் அதை 16 கேபி ஆக்கினார்கள். அப்போதும் நம் ப்ரோக்ராமுக்குக் கிடைப்பதில் 512-இல் ஒரு பங்கு! சாதாரண ப்ரோக்ராமின் மேசை நிரம்பினால் அந்த ப்ரோக்ராம் மட்டும் சாகும். கெர்னலின் மேசை நிரம்பி வழிந்தால் மொத்த சிஸ்டமே போகும். அல்லது அதைவிட மோசமாக, பக்கத்து மேசையின் பதிவேட்டில் போய் விழுந்து அதை மாற்றிவிடும்.

இந்தப் பயம் பழசு. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் சிம்பாலிக் லிங்க் அறிமுகமானது. ஒரு ஃபைல் "நான் இங்கே இல்லை, அங்கே போய்ப் பார்" என்று இன்னொன்றைக் கைகாட்டும். அந்த இன்னொன்று திரும்ப முதலாவதையே கைகாட்டினால்? கெர்னல் காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் இத்தனை தடவைக்கு மேல் பின்தொடராதே என்று ஒரு எண்ணை வைத்தார்கள். லினக்ஸும் அப்படியே செய்தது. லிங்க்குக்குள் லிங்க் என்று போனால் 8 ஆழம் வரை, ஒரு பாதையில் மொத்தம் 40 லிங்க் வரை.

வாசலில் ஒரு காவலாளியை நிறுத்துவது போன்ற தீர்வு இது. அந்த வாசலுக்கு அது போதும். ஆனால் கெர்னலுக்கு வாசல்கள் ஏராளம்.

பல கனெக்‌ஷன்களை ஒரே சமயத்தில் கண்காணிக்க ஈபோல் என்று ஒரு வசதி உண்டு. ஒரு ஈபோலை இன்னொரு ஈபோலுக்குள் போடலாம். அதை எவ்வளவு ஆழத்துக்கும் அடுக்கலாம், வட்டமாகக்கூடக் கோக்கலாம் என்பது 2011-இல் தெரியவந்தது. சிவிஇ-2011-1082 என்று பதிவான குறை அது. எந்த விசேஷ அனுமதியும் இல்லாத சாதாரண யூசர் மெஷினையே முடக்கிவிடலாம். தீர்வு? இன்னொரு காவலாளி: 5 அடுக்குக்கு மேல் கிடையாது.

2016-இல் இதே நோய் நெட்வொர்க் பக்கம் தலைகாட்டியது. வரும் பாக்கெட்டுகளை ஒன்றுசேர்த்து வேகமாகக் கையாளும் ஜிஆர்ஓ என்ற பகுதி, பாக்கெட்டின் ஒவ்வொரு ஹெட்டரையும் பிரிக்கும்போது அடுத்ததற்காக இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும். பெரிய பாக்கெட் ஒன்றில் விஎல்ஏஎன் ஹெட்டர்களை மட்டுமே அடுக்கி அனுப்பினால் ஸ்டாக் தீர்ந்து கெர்னல் விழும். இது சிவிஇ-2016-7039. முன்னதுக்கு மெஷினில் ஒரு அக்கவுண்ட்டாவது வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம், வெளியிலிருந்தே அடிக்கலாம். இதற்கும் ஒரு எண் வந்தது: 15.

அதே வருஷம் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோவில் இருந்த ஜான் ஹார்ன் கண்டுபிடித்ததுதான் இந்த வரிசையில் உச்சம். சிவிஇ-2016-1583. ஒரு ஃபைல்சிஸ்டத்தின் மேல் இன்னொன்றை அடுக்குவதற்கு லினக்ஸில் ஏற்கெனவே வரம்பு இருந்தது, 2 அடுக்குதான். ஹார்ன் அந்தக் காவலாளியிடம் மோதவே இல்லை. ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற என்கிரிப்ஷன் ஃபைல்சிஸ்டத்தை, ப்ராசஸ்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் டைரக்டரியின் மேல் ஏற்றினார். ஒரு ப்ராசஸின் மெமரியைப் படிக்கப் போனால், அந்த மெமரி இன்னொரு ப்ராசஸின் ப்ராக் ஃபைலிலிருந்து வர வேண்டியிருக்கும். அதைப் படிக்கப் போனால் மூன்றாவது ப்ராசஸ். இப்படி ஒரு சங்கிலி. வரம்பு ஃபைல்சிஸ்ட அடுக்கை மட்டுமே எண்ணியது. ரிகர்ஷனோ பேஜ் ஃபால்ட் வழியாக நடந்தது. எண்ணுகிற ஆள் ஒரு வாசலில் நிற்கிறார், கூட்டம் வேறு வாசலில் நுழைகிறது.

முன்னவை மெஷினைக் கவிழ்ப்பதோடு நின்றன. ஹார்ன் ஸ்டாக்கைக் கணக்காக வழியவிட்டு, பக்கத்து மெமரியை மாற்றி, ரூட் அதிகாரத்தையே எடுத்துக் காட்டினார். ஈகிரிப்ட்எஃப்எஸ் கருவிகள் இன்ஸ்டால் ஆகியிருந்த உபுண்டு மெஷினில் சாதாரண யூசரே இதைச் செய்யலாம்.

இதற்குப் பிறகுதான் மேசையின் அமைப்பையே மாற்றும் வேலை வேகம் பிடித்தது. அதுவரை ப்ராசஸின் முக்கியக் குறிப்புகள் அடங்கிய த்ரெட் இன்ஃபோ, கெர்னல் ஸ்டாக்கின் கடைக்கோடியிலேயே இருந்தது. வழிந்தால் முதலில் நனைவது அதுதான். 2016 டிசம்பரில் வந்த 4.9 பதிப்பில் 64 பிட் இன்டெல் வகை மெஷின்களுக்கு அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டாக்கை ஒட்டி யாரும் தொடக்கூடாத ஒரு காலிப் பக்கத்தையும் விட்டார்கள். இதற்கான வேலையில் முக்கியமானவர் ஆண்டி லூட்டோமிர்ஸ்கி. இப்போது ஃபைல் சரிந்தால் காலி இடத்தில் விழும், உடனே அலாரம் அடிக்கும். மெஷின் நின்றுபோகலாம், ஆனால் பக்கத்து மேசையின் பதிவேடு தப்பிக்கும். திருட்டு விபத்தாகக் குறைகிறது. அதுவே பெரிய லாபம்.

இன்னொரு வழியும் இருந்தது: ரிகர்ஷனையே ஒழிப்பது. 2015-இல் 4.2 பதிப்புக்காக அல் விரோ, சிம்பாலிக் லிங்க்கைப் பின்தொடரும் கோடை ரிகர்ஷன் இல்லாமல் சாதாரண லூப்பாகத் திருத்தி எழுதினார். 8 என்ற ஆழ வரம்புக்குத் தேவையே இல்லாமல் போனது. மொத்தம் 40 என்பது மட்டும் நின்றது.

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் எனக்குத் தெரிகிறது. ரிகர்ஷன் தப்பில்லை. அது எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஃபாக்டோரியலில் நாம் முடிவு செய்கிறோம். பாக்கெட்டில் அனுப்புகிறவன் முடிவு செய்கிறான். ஜேசன் பார்சர், கமெண்ட்டுக்குக் கீழே கமெண்ட், போல்டருக்குள் போல்டர் என்று நாம் ஆபீஸில் தினம் எழுதும் கோடிலும் இதே கதைதான். ஆழம் வெளி ஆள் கையில் இருந்தால் லூப்பாக மாற்றுங்கள், முடியாவிட்டால் வரம்பாவது வையுங்கள். வரம்பு வைத்தால், எதை எண்ணுகிறோம், எதை விட்டுவிட்டோம் என்று இன்னொரு தடவை பாருங்கள்.

லினக்ஸ் மெஷின் கையில் இருந்தால் ஒரு சின்ன சோதனை: தன்னையே கைகாட்டும் ஒரு சிம்பாலிக் லிங்க் உருவாக்கி, அதைத் திறந்து பாருங்கள். லிங்க் அடுக்கு அதிகமாகிவிட்டது என்று கெர்னல் அமைதியாகச் சொல்லும். 1983-இல் நிறுத்திய அந்தக் காவலாளி இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறார்.