டக்‌ஷாய் கல்லின் வயசு

என் மேஜைமேல் ரசீதுகள் பறக்காமல் இருக்க ஒரு சிவப்புக் கல் வைத்திருக்கிறேன். தென்னேரிக் கல் அல்ல. இமாசலப் பிரதேசத்தில் டக்‌ஷாய் என்ற கண்டோன்மென்டில் 1986 முதல் மூன்று வருஷம் எம்.இ.எஸ். வேலையில் இருந்தேன். மாற்றலாகி வரும்போது டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தது. கூலி கொடுத்த கையோடு என் மனைவி கேட்டாள், "இதுக்கா காசு கொடுத்தீங்க?"

போன மாதம் பேரன் கேட்டான், "தாத்தா, இதுக்கு என்ன வயசு?" நாலு கோடி வருஷம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். 1988-ல் எங்கள் அலுவலக ஆண்டு மலரில் நான் எழுதிய கட்டுரையிலும் அதேதான் இருக்கிறது. பிறகு சந்தேகம் வந்து படித்துப் பார்த்தேன். தப்பு.

அந்த மலையில் கசௌலி, டக்‌ஷாய், சுபாத்து என்று மூன்று கண்டோன்மென்ட்கள். எங்களுக்கு அவை தபால் முகவரிகள். புவியியல்காரர்களுக்கு மூன்று பாறை அடுக்குகளின் பெயர்கள். 1864-ல் ஹென்றி மெட்லிகாட் என்ற அயர்லாந்துக்காரர் அந்த மலைகளை அளந்து எழுதியபோது நிலைத்த பெயர்கள். (கோண்டுவானா என்ற பெயரைக் கொடுத்தவரும் இவர்தான். அந்தக் கோண்டுவானா காலத்துப் படிவு, இலைப் புதைபடிவங்களோடு, நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது.)

அடியில் இருப்பது சுபாத்து. கடலில் படிந்தது. நாணயம் போன்ற சின்ன ஓடுகள் அதில் கிடைப்பதால் வயதைச் சொல்லிவிடலாம், ஏறக்குறைய நாலு கோடி வருஷத்துக்கு முன்வரை. அதற்கு மேலே சிவப்பு டக்‌ஷாய், அதற்கும் மேலே சாம்பல் நிறக் கசௌலி. இவை ஆறு கொண்டுவந்து கொட்டியவை. டக்‌ஷாயில் வயது சொல்லும்படியான புதைபடிவம் கிடைப்பது அபூர்வம். ஆகவே கடல் விலகியதும் அதன் தொடர்ச்சியாகப் படிந்தது என்று வைத்துக்கொண்டார்கள். நானும் அதைத்தான் எழுதினேன்.

மலை எழும்பும்போது அதன் பாரத்தில் அடிவாரத்துத் தரை அமுங்கிப் பள்ளமாகும். மலையில் அரித்த மண்ணெல்லாம் அங்கே வந்து சேரும். இன்றைய கங்கைச் சமவெளி அப்படிப்பட்ட பள்ளம்தான். டக்‌ஷாய், கசௌலி எல்லாம் பழைய பள்ளத்தின் மண், பிறகு மலையோடு சேர்ந்து தூக்கப்பட்டது. எனவே அந்த மண் எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இமயம் எழுந்த கதை கிடைக்கும். மலையின் உச்சியில் அந்தப் பக்கங்கள் எப்போதோ கரைந்து போய்விட்டன.

1997-ல் யானி நஜ்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தப் பாறைகளிலிருந்து மைக்காத் துகள்களைப் பொறுக்கினார்கள். நம் ஊரில் காக்காய்ப்பொன் என்போமே, அதுதான். மைக்காவில் பொட்டாசியம் உண்டு. அதில் ஒரு சிறு பங்கு கதிரியக்கத்தால் ஆர்கான் வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும்; பாதி கரைய 125 கோடி வருஷம் ஆகும். பூமிக்குள் சூடாக இருக்கும்வரை ஆர்கான் தப்பிப் போய்விடும். பாறை மேலே வந்து சுமார் 350, 400 டிகிரிக்குக் கீழே ஆறினால் ஆர்கான் உள்ளே மாட்டிக்கொள்ளும். கடிகாரம் அப்போது ஓட ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு துகளையும் தனியாக லேசரால் உருக்கி, வெளிவரும் ஆர்கானை அளந்தார்கள்.

இதில் கிடைப்பது கல்லின் வயது அல்ல, துகளின் வயது. இரண்டையும் நான் குழப்பிக்கொண்டு இரண்டு நாள் திண்டாடினேன். கடைசியில் அப்பாவின் தறிதான் கைகொடுத்தது. பட்டு பெங்களூரிலிருந்து வரும், ஜரிகை சூரத்திலிருந்து வரும், சேலை இங்கே நெய்வது. பாவும் ஊடையும் போன வருஷமே வாங்கியிருக்கலாம். ஆனால் ஜரிகையின் பில் தை மாதம் என்றால் அந்தச் சேலையை மார்கழியில் நெய்திருக்க முடியாது. உள்ளே இருப்பதில் எது கடைசியாக வந்ததோ, அதற்குப் பிறகுதான் சேலை. அப்படியே, பாறையில் உள்ள மிக இளைய துகளுக்குப் பிறகுதான் பாறை.

டக்‌ஷாய் 2.8 கோடி வருஷத்துக்கும் இளையது என்று வந்தது. 2004-ல் அதே குழு ஜிர்கான் மணிகளில் யுரேனியம் பிளந்த தழும்புகளை எண்ணி, டக்‌ஷாயின் அடிமட்டமும் 3.1 கோடிக்கு முந்தியதல்ல என்றது. அதாவது சுபாத்துக்கும் டக்‌ஷாய்க்கும் நடுவில் ஒரு கோடி வருஷத்துக்கு மேல் மண்ணே இல்லை. தொடர்ச்சி என்று நினைத்த இடத்தில் அத்தனை பெரிய காலி இடம்!

மணல் வந்த இடமும் மாறியிருந்தது. சுபாத்துவின் துகள்களில் இந்தியாவும் ஆசியாவும் மோதிய தையலோரத்துப் பாறைகளின் சாயல் தெரிகிறது. டக்‌ஷாயில் இமயத்தின் சொந்த உருமாறிய பாறைகள் தாராளமாக வருகின்றன. அந்தக் காலி இடத்துக்கு அப்புறம்தான் இமயம் தன் மண்ணையே அனுப்ப ஆரம்பித்திருக்கிறது.

பாகிஸ்தானில் பாலகோட்டில் இதைவிட வேடிக்கை. அங்கே சிவப்புப் பாறைக்கு இடையில் புதைபடிவம் உள்ள சுண்ணாம்புக்கல் இருந்ததால் ஐந்து கோடிக்கும் மேல் வயது என்று நம்பினார்கள். மைக்காவோ பாறை 3.7 கோடிக்கு இளையது என்றது. சுண்ணாம்புக்கல் அங்கே படிந்ததே அல்ல, நிலப்பிளவில் பிற்பாடு செருகிக்கொண்டது. 2001-ல் இது வெளியானபோது நான் ஓய்வுபெறக்கூட இல்லை. என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பேரனைக் கூப்பிட்டு, தாத்தா ஒரு கோடி வருஷம் கூடுதலாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "பரவாயில்ல தாத்தா" என்றான். கல்லை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மினுக்குறது மட்டும் கல்லவிட வயசானதா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஆண்டு மலர் பீரோவில் கிடைத்தது. நாலு கோடியைப் பென்சிலால் அடித்து, மூன்று கோடிக்கும் குறைவு என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.