விழிப்பூட்டி என்னும் பெயர்: ஜப்பானில் ஹிரோபோன், 1941–1957

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜப்பானியப் பத்திரிகைகளில் ஒரு மாத்திரைக்கு விளம்பரம் வந்துகொண்டிருந்தது. களைப்பை நீக்கும், விழிப்பைத் தரும் என்று அதன் வகைப்பெயரே சொல்லிற்று. அளவுக்கு மீறிய உடலுழைப்பும் மூளையுழைப்பும் செய்வோருக்கும், இரவெல்லாம் கண்விழித்து வேலை பார்ப்போருக்கும், குடித்த மறுநாள் தலைநோவால் துன்புறுவோருக்கும், மனச்சோர்வுற்றோருக்கும் உகந்தது என அவ்விளம்பரம் பட்டியலிட்டது. மாத்திரையின் பெயர் ஹிரோபோன். டைநிப்பான் என்னும் மருந்து நிறுவனம் 1941இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்த பொருள் மெத்தாம்ஃபெட்டமின். இன்று செய்தித்தாள்கள் ‘ஐஸ்’ என்றும் ‘மெத்’ என்றும் எழுதும் அதே பொருள்.

அப்பெயரின் பிறப்பு கவனிக்கத்தக்கது. கிரேக்க மொழியில் ‘ஃபிலோ’ என்பது விருப்பம், ‘போனோஸ்’ என்பது உழைப்பு. இரண்டும் சேர்ந்தால் உழைப்பை விரும்புதல். ஜப்பானிய நாவுக்கு ‘ஃபி’ என்னும் ஒலி இயல்பானதன்று ஆகையால் அது ‘ஹி’ ஆயிற்று. (ஃபிலிமைப் பிலிம் என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இது புதிதன்று.) மக்கள் அதற்கு வேறொரு பொருளும் கண்டுபிடித்தனர். ‘ஹிரோ’ என்றால் ஜப்பானிய மொழியில் களைப்பு. ‘போன்’ என்பது எதுவோ சட்டெனத் தெறித்து விலகும் ஒலிக்குறிப்பு. களைப்பு ‘போன்’ என்று பறந்துவிடும்! பிழையான சொற்பிறப்புத்தான், ஆனால் எந்த விளம்பரக்காரரும் இதைவிடச் சிறப்பாக எழுதியிருக்க இயலாது.

பொருளின் வரலாறு இன்னும் பழையது. ஆஸ்துமாவுக்குச் சீன மருத்துவம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த மா ஹுவாங் என்னும் செடியிலிருந்து, பெர்லினில் பயின்று திரும்பிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி 1885இல் எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1893இல் அதிலிருந்து மெத்தாம்ஃபெட்டமினை உருவாக்கினார். 1919இல் ஒகாட்டா அகிரா அதைப் படிக வடிவில் பெற்றார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அது ஆய்வகக் குறிப்பாகவே கிடந்தது. ஜெர்மனியின் டெம்லர் நிறுவனம் 1938இல் ‘பெர்விட்டின்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகே அது உலகப் பொருளாயிற்று. 1940ஆம் ஆண்டின் வசந்தகாலப் போரில் ஜெர்மானியப் படைகளுக்கு வழங்கப்பட்ட இவ்வகை மாத்திரைகள் 3.5 கோடி அளவில் இருந்தன. பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் பொல் போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். ஆபத்தை உணர்ந்த ஜெர்மானிய அரசு 1941இல் அதை அபின் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஜப்பானில் ஹிரோபோன் கடைக்கு வந்த ஆண்டும் அதுவே.

ஜப்பானியப் படையினர்க்கும், ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவுப்பணி செய்தோர்க்கும் அது வழங்கப்பட்டது. இரவில் பறக்கும் விமானிகளுக்கான மாத்திரைக்குப் ‘பூனைக்கண்’ என்றே பெயர். 1945இல் போர் முடிந்தது. கிடங்குகளில் இருந்த இருப்பு சந்தைக்குப் பாய்ந்தது. எரிந்த நகரங்கள், உணவுப் பஞ்சம், வேலையின்மை. பசியை மறக்கச்செய்து உழைக்கவும் வைக்கும் மருந்து மலிவாக மருந்துக்கடையிலேயே கிடைத்தால் யார் வாங்கமாட்டார்கள்? மாத்திரை ஊசியாயிற்று. எழுத்தாளர்களும் மேடைக் கலைஞர்களும் வெளிப்படையாகவே பயன்படுத்தினர். ஓடா சாகுனோசுகே ஊசி போட்டுக்கொண்டு எழுதியவர். ஏற்கெனவே காசநோயாளியான அவர் 1947இல், 33 வயதில், நுரையீரலில் குருதிப்பெருக்கு ஏற்பட்டு இறந்தார். சகாகுச்சி அங்கோ விழித்திருக்க ஹிரோபோனும் உறங்கத் தூக்க மாத்திரையுமாக வாழ்ந்து, 1949இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

இவ்வளவு வெளிப்படையாக நடந்த ஒன்றை நோய் என்று அடையாளம் காண ஒரு சமூகத்திற்கு ஏன் பத்தாண்டுகள் பிடித்தன? விடை அந்த விளம்பரப் பட்டியலிலேயே இருக்கிறது. உறக்கம் வராமை, பசி எடுக்காமை, ஓயாத சுறுசுறுப்பு, மடைதிறந்த பேச்சு, அளவுமீறிய தன்னம்பிக்கை ஆகிய இவையே இப்பொருளைப் பயன்படுத்துவதன் முதல் அறிகுறிகள். விளம்பரம் இவற்றைப் பயன்களாக விற்றது. போர்க்காலம் நற்பண்புகளாகப் போற்றியது. இரவுப்பணியில் கண்ணயராத தொழிலாளியை மேலாளர் பாராட்டுவாரேயன்றி ஐயுறமாட்டார்.

ஐயம் எழுவது இரண்டாம் கட்டத்தில். இரண்டு மூன்று நாள் உறங்காதவர் பிறகு ஒரேயடியாக ஒருநாள், இரண்டுநாள் உறங்குகிறார். எழுந்ததும் கடும்பசி, எரிச்சல், வாழ்வே வெறுத்த சோர்வு. மீண்டும் மருந்து, மீண்டும் விழிப்பு. இந்தச் சுழற்சியே தனி அறிகுறி எதையும்விடத் தெளிவான அடையாளம். கண்மணி விரிந்திருக்கும், வியர்வையும் படபடப்பும் இருக்கும், தாடை இறுகிப் பல் நறநறக்கும். எடை விரைந்து குறையும். ஒரு கடிகாரத்தையோ வானொலியையோ கழற்றி அடுக்குவதிலேயே பல மணிநேரம் போகும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றிச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும், வாய் உலர்ந்து பற்கள் சிதைவதும் நாட்பட்ட பயன்பாட்டில் காணப்படுபவை. பொருளின் தோற்றத்தை நம்பி முடிவுசெய்ய இயலாது. மணமற்ற, கசப்பான, நீரில் கரையும் வெண்பொடி. கண்ணாடிச் சில்லு போன்ற படிகம். வண்ண மாத்திரை எனப் பல உருவில் அது வரும். மனிதரிடம் தோன்றும் மாற்றமே நம்பத்தக்கது; அதுவும் ஒற்றை அறிகுறியாக அன்று. எடை குறைவும் படபடப்பும் தைராய்டு மிகையிலும் வரும். தேர்வுக்காலத்து உறக்கமின்மை எல்லா வீட்டிலும் உண்டு.

மூன்றாம் கட்டம் அச்சம். யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்கப்பால் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற நம்பிக்கை. டோக்கியோவின் மட்சுசாவா மனநல மருத்துவமனையில் இத்தகையோர் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். அங்கே ததெட்சு செய்ஜுனும் உடன்பணியாற்றியோரும் செய்து 1956இல் நூலாக வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படையானது. மருந்தால் விளைந்த மனப்பிறழ்வு மனச்சிதைவு நோயைப் பெரிதும் ஒத்திருந்தது. மருந்தை நிறுத்திய பின்பும் சிலரிடம் அது நீடித்தது. நலமடைந்து பல ஆண்டுகள் ஆனவரிடம்கூடச் சிறிதளவு மறுபயன்பாடோ கடும் மனஅழுத்தமோ பழைய அச்சத்தைத் திரும்ப எழுப்பக்கூடும் என்பதைப் பின்வந்த ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினர். மூளை இப்பொருளுக்குப் பழகிப்போவது மட்டுமன்று, கூருணர்வும் கொள்கிறது என்பது அவர்கள் மருத்துவ உலகுக்குத் தந்த அறிவு. தம் மக்கள் கொடுத்த விலையில் பெற்ற அறிவு அது.

சட்டம் 1951இல் வந்தது. ஆயினும் 1954இல் மட்டும் 55,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். பயன்படுத்துவோர் ஏறத்தாழ 5,50,000 பேர் என்பது அக்காலத்து மதிப்பீடு. அவ்வாண்டு ஏப்ரலில் டோக்கியோ தொடக்கப்பள்ளி ஒன்றில் ஒரு சிறுமி ஹிரோபோன் அடிமையொருவரால் கொல்லப்பட்டாள். நாடு அதிர்ந்தது, தண்டனைகள் கடுமையாயின, அடிமையானோரைக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கவும் வழிசெய்யப்பட்டது. கள்ளத்தயாரிப்புக்கு ஜப்பானில் வாழ்ந்த கொரியரைப் பழிசொல்லும் போக்கும் உடன் வளர்ந்தது. மருந்தைக் கண்டவரும் காய்ச்சியவரும் விற்றவரும் படைக்குப் பங்கிட்டவரும் ஜப்பானியரே என்பது அப்போது வசதியாக மறக்கப்பட்டது. 1957இல் கைதுகள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கின. 1970களில் குற்றக் குழுக்களின் கைவழியே ‘ஷாபு’ என்ற புதுப்பெயருடன் அது திரும்பிற்று. அப்பெயர் கடல்கடந்து ஃபிலிப்பைன்ஸிலும் வழங்குகிறது.

பெயர்கள் அடையாளம் காணுதலை எவ்வளவு திசைதிருப்பும் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. தாய்லாந்தில் இம்மாத்திரை ‘யா மா’ எனப்பட்டது, குதிரை மருந்து என்று பொருள். குதிரை என்பதில் வலிமை தொனிக்கிறதென்று 1996இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் அதை ‘யா பா’, பைத்திய மருந்து என மாற்றினார். ஜப்பானில் 1980களின் தொலைக்காட்சிப் பிரசாரமோ மருந்தை விடுவதா, மனிதராக இருப்பதை விடுவதா என்று கேட்டது. அஞ்சவைக்கும் கேள்விதான், ஆனால் ஏற்கெனவே பயன்படுத்துபவர் அதைக் கேட்டு மருத்துவரிடம் போவாரா, ஒளிந்துகொள்வாரா? தமிழில் ‘போதை’ என்றதும் தள்ளாட்டமும் குழறலும் மயக்கமுமே மனக்கண்ணில் எழுகின்றன. மெத்தாம்ஃபெட்டமின் எடுத்தவர் தள்ளாடமாட்டார்; மும்முரமாக இருப்பார். விடுதி அறையில் மூன்றாம் இரவும் விளக்கணைக்காத மாணவரை அச்சொல்லோடு யாரும் பொருத்திப் பார்ப்பதில்லை. ஐயம் எழுந்தால் குற்றம்சாட்டாமல் முதலில் உறக்கத்தையும் உணவையும் பற்றிக் கேட்பதே பயன்தரும். இந்திய அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண் 14446. தற்கொலை எண்ணமோ, நெஞ்சுவலியோ, கடும் உடற்சூடோ, கட்டுக்கடங்காத அச்சமோ இருந்தால் நேரே மருத்துவமனைக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

1951ஆம் ஆண்டுச் சட்டம் இப்பொருளுக்கு இட்ட பெயர் ‘ககுசெய்சாய்’, அதாவது விழிப்பூட்டும் மருந்து. அதில் ‘செய்’ என்பதைக் குறிக்கும் சீன எழுத்தின் இடப்பக்கத்தில் மதுக்குடத்தின் உருவம் இருக்கிறது. மதுமயக்கம் தெளிதல் என்பது அதன் பழம்பொருள். போருக்குப் பிந்தைய எழுத்துச் சீர்திருத்தப் பட்டியலில் அவ்வெழுத்து இடம்பெறாததால் சட்டத்தின் தலைப்பில் அந்த அசையை மட்டும் ஒலியெழுத்தில் எழுதினர். 2010இல் அது பட்டியலில் சேர்க்கப்பட்டது; 2020இல் சட்டத்தின் தலைப்பிலும் இடம்பெற்றது.