பந்தை விட்டுக்கொடுத்தவர்களும் கிண்ணத்தை வென்றவர்களும்

அணி விளையாட்டுக்களின் வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகின்ற கேள்வியொன்று உண்டு. தன்னை முன்னிறுத்தாத ஒரு நட்சத்திர வீரரால், தோற்றால் வீடு திரும்பவேண்டும் என்ற கட்டத்தில் தனது அணியை வெற்றிக்கு இட்டுச்செல்ல முடியுமா? அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்ட வட்டாரங்களில் ஒரு சாரார் இதற்கு 'முடியாது' என்றே பதிலளித்து வந்திருக்கிறார்கள். பருவகாலத்தின் வழமையான போட்டிகளில் பந்தைப் பகிர்ந்து ஆடுவது கண்ணுக்கு இனிமையானதாக இருக்கலாம். ஆனால், 'பிளே ஓவ்' எனப்படும் தீர்மானகரமான சுற்று வந்துவிட்டால், பந்தைத் தானே வாங்கித் தானே கூடைக்குள் போடுகின்ற மூர்க்கம் கொண்டவர்தான் தேவை என்பது அவர்களது வாதம்.

கிரிக்கெட்டுக்குப் பழக்கப்பட்ட எம்மவர்களுக்கு இந்த விவாதத்தின் கூர்மை உடனடியாகப் புரியாமல் போகக்கூடும். ஒரு துடுப்பாட்ட வீரர் சதம் பெற்றால் அது பெரும்பாலும் அவரது அணிக்கும் இலாபமே. கூடைப்பந்தாட்டம் அப்படியல்ல. களத்தில் ஐந்து பேர்; பந்து ஒன்று; அதைக் கூடையை நோக்கி எறிவதற்கு 24 விநாடிகள் மாத்திரமே அவகாசம். ஒருவர் எறிந்தால் மற்றைய நால்வரும் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள். சுயநலம், பொதுநலம் என்ற சொற்கள் வேறெந்த விளையாட்டையும் விட இங்கு அதிகமாகப் புழங்குவதற்குக் காரணம் இந்தக் கணக்கேயாகும்.

இந்தக் கேள்விக்கு வரலாறு தருகின்ற பதிலைத் தேடுவோர் 1961 - 62 பருவகாலத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமானது. அந்தப் பருவகாலத்தில் பிலடெல்பியா வொரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லேன் போட்டிக்குச் சராசரியாக 50.4 புள்ளிகளைப் பெற்றார். இன்றுவரை எவராலும் நெருங்கமுடியாத சாதனை அது. 1962 மார்ச் 2ஆம் திகதி பென்சில்வேனியாவின் ஹேர்ஷி நகரில் நியூயோர்க் நிக்ஸ் அணிக்கு எதிராக அவர் தனியொருவராக 100 புள்ளிகளைக் குவித்தார். அன்று அவர் கூடையை நோக்கி எறிந்தது 63 தடவைகள். இறுதி நிமிடங்களில் அவருக்குப் பந்து கிடைக்கவேண்டும் என்பதற்காகவே சக வீரர்கள் எதிரணியினர் மீது வேண்டுமென்றே தவறிழைத்துப் பந்தை மீட்டுக்கொடுத்தார்கள். அதே பருவகாலத்தில் சின்சினாட்டி றோயல்ஸ் அணியின் ஒஸ்கார் றொபேட்சன், புள்ளிகள், கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல், சக வீரர் புள்ளி பெறுவதற்கு வழிசெய்யும் 'அசிஸ்ட்' ஆகிய மூன்றிலும் சராசரியாக இரட்டை இலக்கத்தைத் தொட்டார்.

ஆனால், அந்தப் பருவகாலத்தின் மிகவும் பெறுமதிமிக்க வீரராகத் தெரிவுசெய்யப்பட்டவர் இவர்கள் இருவருமல்லர். போட்டிக்கு 18.9 புள்ளிகளை மாத்திரமே பெற்ற பொஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸல்தான் அந்த விருதைப் பெற்றார். அக்காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் வீரர்களே. இதிலும் சுவாரஸ்யமான விடயம், ஊடகத்துறையினர் வாக்களித்துத் தெரிவுசெய்த அவ்வாண்டின் கனவு அணியில் முதலிடம் சேம்பர்லேனுக்கே வழங்கப்பட்டது. ரஸல் இரண்டாவது அணிக்குத் தள்ளப்பட்டார். மூன்று தசாப்தங்களுக்கும் மேலாகச் செய்தி மேசையில் காலத்தைச் செலவிட்டவன் என்ற முறையில், இதில் எனக்கு ஆச்சரியம் எதுவுமில்லை. தலைப்புக்கு எப்போதும் ஓர் எண் தேவைப்படுகிறது. ரஸலின் மகத்தான திறமைக்கோ அன்று எண்ணே கிடையாது. எதிரணி வீரர் எறிகின்ற பந்தைத் தடுத்தலை என்.பி.ஏ. உத்தியோகபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973 - 74 பருவகாலத்தில்தான். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னரே ரஸல் ஓய்வுபெற்றுவிட்டார்.

பந்தைத் தடுக்கின்ற பலர் அதைப் பார்வையாளர் வரிசை வரை விசிறியடித்துக் கரகோஷம் பெறுவார்கள். ஆனால் பந்து வெளியே போனால் அது மீண்டும் எதிரணிக்கே சொந்தமாகும். ரஸல் அதை மெதுவாகத் தட்டித் தனது அணியினரின் கைக்குப் போகச்செய்வார். மறுகணம் செல்டிக்ஸ் வீரர்கள் எதிர்ப்புறக் கூடையை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். புள்ளி வேறொருவரின் பெயரில் பதிவாகும். பயிற்றுநர் றெட் அவர்பாக் கட்டியெழுப்பிய அந்த அணியில் ரஸலின் காலத்தில் ஒருவரேனும் லீக்கின் அதிகூடிய சராசரிப் புள்ளிகளைப் பெற்றவராக வந்ததில்லை. எனினும் ரஸல் ஆடிய 13 பருவகாலங்களில் 11 தடவைகள் சம்பியன் பட்டம் பொஸ்டனுக்குக் கிடைத்தது. அவற்றில் 1959 முதல் 1966 வரையிலான எட்டும் தொடர்ச்சியானவை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால், தன்னலமற்றவர் வென்றார், தன்னலவாதி தோற்றார் என்ற நீதிக்கதையாக இது முடிந்துவிடும். வரலாறு அவ்வளவு இலகுவானதல்ல.

1966 - 67 பருவகாலத்தில் பிலடெல்பியா செவன்ரி சிக்ஸர்ஸ் அணியின் பயிற்றுநராக வந்த அலெக்ஸ் ஹனம், குறைவாக எறிந்து கூடுதலாகப் பந்தைப் பகிருமாறு சேம்பர்லேனை இணங்கவைத்தார். அதற்கு முந்திய ஏழு பருவகாலங்களிலும் லீக்கில் அதிக புள்ளி பெற்றவராக விளங்கிய சேம்பர்லேனின் சராசரி அவ்வருடம் 24.1 ஆகக் குறைந்தது. அசிஸ்ட் சராசரி 7.8 ஆக உயர்ந்தது. 81 போட்டிகளில் 68 இல் வென்ற அவ்வணி, பிளே ஓவ் சுற்றில் செல்டிக்ஸை 4 - 1 என வீழ்த்தி, சம்பியன் பட்டத்தையும் கைப்பற்றியது. விட்டுக்கொடுத்தவர் வென்றார்.

மறுவருடம் நடந்ததுதான் எனது கவனத்தை ஈர்க்கின்ற அத்தியாயம். 1967 - 68 பருவகாலத்தில் சேம்பர்லேன் 702 அசிஸ்ட்களுடன் லீக்கிலேயே முதலிடம் பெற்றார். மத்திய நிலை வீரர் ஒருவர் இதைச் சாதித்தது அதுவே முதல் தடவை. அதில் அவருக்கு அளவற்ற பெருமை. பிளே ஓவ் சுற்றில் செல்டிக்ஸை மீண்டும் சந்தித்த பிலடெல்பியா அணி 3 - 1 என முன்னிலை வகித்தது. பின்னர் அடுத்தடுத்து இரு போட்டிகளில் தோற்று, 1968 ஏப்ரல் 19ஆம் திகதி ஏழாவது போட்டிக்குத் தள்ளப்பட்டது. அன்று, தனியொருவராக 100 புள்ளிகளைக் குவித்த அதே மனிதர், ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதிலும் கூடைக்கு முயன்றது இரண்டே இரண்டு தடவைகள். பொஸ்டன் 100 - 96 என வென்றது. பிலடெல்பியாவின் முக்கிய வீரர்களில் ஒருவரான பில்லி கன்னிங்ஹாம் காயத்தினால் ஆடவில்லை என்பதையும், சேம்பர்லேனுக்குப் பந்தே போதியளவு கிடைக்கவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் நான்கே புள்ளிகளில் தோற்ற அந்தப் போட்டியில், பந்தைக் கேட்டு வாங்கி எறியவேண்டிய பொறுப்பு அவருடையது. அதைச் செய்யாமல் விட்டமையைத் தன்னலமின்மை என்று சொல்ல முடியுமா? புள்ளிகளை எண்ணிக் கொண்டிருந்தவர் அசிஸ்ட்களை எண்ணத் தொடங்கினால், எண்ணுகின்ற பழக்கம் போய்விட்டது என்று அர்த்தமல்ல.

ரஸலிடம் இருந்த தன்னலமின்மை வேறுவகையானது. அதைப் பணிவு என்று எவரும் மயங்கிவிடக்கூடாது. 1965 இல் சேம்பர்லேனுக்கு 100,000 டொலர் சம்பளம் என்று அறிந்ததும் தனக்கு 100,001 டொலர் வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் அவர். 1961 இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் கறுப்பின வீரர்களுக்கு உணவு பரிமாற மறுக்கப்பட்டபோது, காட்சிப் போட்டியில் ஆடாமலே வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். 1972 இல் தனது 6ஆம் இலக்கச் சட்டைக்கு ஓய்வுகொடுக்கும் நிகழ்வை, இரசிகர்கள் அரங்கினுள் அனுமதிக்கப்படுவதற்கு முன்னர் நடத்தவேண்டும் என்று வற்புறுத்தி அப்படியே நடத்துவித்தார். தன்மானத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர், களத்தில் புகழை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். அது அவருக்கு வெல்வதற்கான வழியாக இருந்தது.

1966 இல் அவர்பாக்கிற்குப் பின்னர் வீரராகவும் பயிற்றுநராகவும் ஒரேநேரத்தில் பொறுப்பேற்ற ரஸல், என்.பி.ஏ.யின் முதலாவது கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார். 1969 மே 5ஆம் திகதி, 35 வயதில் தனது கடைசிப் போட்டியில் ஆடினார். லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியில் அப்போது சேம்பர்லேன், ஜெரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் ஆகிய மூவரும் இருந்தனர். பொஸ்டனோ தனது பிரிவில் நான்காம் இடத்தில் வந்த முதிர்ந்த அணி. ஏழாவது போட்டியில் பொஸ்டன் 108 - 106 என வென்றது. ரஸல் பெற்றது 6 புள்ளிகள். கைப்பற்றிய பந்துகள் 21.

பின்வந்த தசாப்தங்களிலும் இதே பாடம் வெவ்வேறு உருவங்களில் எழுதப்பட்டது. பந்தைப் பகிர்வதில் வல்லவரான மஜிக் ஜோன்சன், 1980 இல் தனது முதலாவது பருவகாலத்திலேயே, காயமடைந்த கரீம் அப்துல் ஜபாருக்குப் பதிலாக மத்திய நிலையில் இறங்கி 42 புள்ளிகளைப் பெற்று லேக்கர்ஸுக்குப் பட்டத்தை வென்றுகொடுத்தார். புள்ளி குவிப்பதில் இணையற்ற மைக்கல் ஜோர்டன், 1991 இறுதித் தொடரின் ஐந்தாவது போட்டியில், தன்னை இருவர் சூழ்ந்தபோதெல்லாம் தனித்து நின்ற ஜோன் பக்ஸனுக்குப் பந்தைக் கொடுத்தார். பக்ஸன் கடைசி நான்கு நிமிடங்களில் 10 புள்ளிகளைப் பெற்றார். சிகாகோ புல்ஸின் முதலாவது பட்டம் அப்படித்தான் வந்தது. 2023 இல் டென்வர் நகெட்ஸ் அணிக்கு முதலாவது பட்டத்தைப் பெற்றுக்கொடுத்த சேர்பியரான நிக்கொலா யோகிச், ஒரே பிளே ஓவ் சுற்றில் புள்ளிகள், கைப்பற்றிய பந்துகள், அசிஸ்ட்கள் ஆகிய மூன்றின் மொத்த எண்ணிக்கையிலும் முதலிடம் பெற்ற முதலாவது வீரரானார். மறுபுறத்தில், 15,806 அசிஸ்ட்களுடன் ஓய்வுபெற்ற ஜோன் ஸ்டொக்டன் ஒரு பட்டத்தையும் வெல்லவில்லை. இரு தடவைகள் பெறுமதிமிக்க வீரராகத் தெரிவான ஸ்டீவ் நாஷ் இறுதித் தொடரில் ஆடியதே இல்லை. தன்னலமின்மை வெற்றிக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை என்பதற்கு இவர்களே சாட்சி.

சேம்பர்லேனுக்கும் நீதி செய்தாகவேண்டும். அவரும் ரஸலும் எட்டு பிளே ஓவ் தொடர்களில் மோதி, ஏழில் ரஸல் வென்றார். ஆனால் அவற்றில் நான்கு தொடர்கள் ஏழாவது போட்டியிலேயே தீர்மானிக்கப்பட்டன. அந்த நான்கு போட்டிகளிலும் செல்டிக்ஸ் பெற்ற வெற்றி இடைவெளிகளைக் கூட்டினால் வருவது ஒன்பது புள்ளிகள் மாத்திரமே. ஒன்பது புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் குணத்துக்குத் தீர்ப்பெழுத முடியாது. 1972 இல், சராசரி 14.8 புள்ளிகளுடன், தடுத்தாடுவதையே தனது பிரதான பணியாகக் கொண்டு, சேம்பர்லேன் லேக்கர்ஸுக்கும் ஒரு பட்டத்தை வென்றுகொடுத்தார். அவருக்கு அதைக் கற்பித்த பயிற்றுநர் பில் ஷார்மன், ரஸலோடு ஒரே அணியில் ஆடியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு எனது பதில் 'முடியும்' என்பதே. ஆனால், பந்தைக் கொடுப்பதுதான் தன்னலமின்மை என்று எண்ணுவோருக்கு அந்தப் பதில் உதவாது. கொடுக்கவேண்டிய நேரத்தில் கொடுப்பதும், எறியவேண்டிய நேரத்தில் பழிக்கு அஞ்சாமல் எறிவதும் ஒரே குணத்தின் இரு முகங்கள். தோற்றால் பழி தனக்கு வரும் என்று அறிந்தும் பொறுப்பைத் தன் கையில் எடுப்பதும் ஒருவகைத் தியாகமே. விட்டுக்கொடுப்பதைப் புகழ்ந்து எழுதுகின்ற நாம், அதைப் பற்றி எழுதுவது மிகவும் குறைவு.