திரும்பி வந்த ஏர்கன்

ஏர்கன்னா நமக்குத் திருவிழாவுல பலூன் சுடறதுதான். ஆனா 1780 வாக்குலயே ஆஸ்திரியா ராணுவம் காத்துத் துப்பாக்கி வச்சிருந்துச்சுங்க. பேரு ஜிரார்தோனி. ஏறக்குறைய 20 குண்டு, மருந்தும் இல்ல, புகையும் இல்ல. காத்து நிரப்பத்தான் ஆயிரம் தடவைக்கு மேல பம்ப் அடிக்கணும்!

இங்க 2016 ஆயுத விதிப்படி 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் சக்தி தாண்டினா லைசென்ஸ் வேணும். அதுக்குள்ள ஒண்ணு சேலத்துல வாங்கினேன். யாரோ திருப்பிக் கொடுத்தது, விலை குறைச்சிருந்தாங்க. மணல் மூட்டையில அட்டை குத்தி, 10 மீட்டர்ல சுட்டுப் பார்த்தேன். 2008-ல பிந்த்ரா ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்ச அதே தூரம். அஞ்சு குண்டும் இடப்பக்கம், ஒரே இடத்துல. சைட் திருகைத் திருப்புனதும் நடுவுக்கு வந்துருச்சு.

கடலைக்காட்டு மயிலைச் சுடலாமேங்கறார் பக்கத்துத் தோட்டத்து மாமன். 1972 வனவிலங்குச் சட்டத்துல மயில் முதல் அட்டவணைங்க மாமா. தகரம் தட்டித்தான் விரட்டறேன்.